மாலத்தீவு செல்வோர்க்கு

நம் தென்கடற்கரை ஊர்களின் அடுப்பங்கரைகளுக்கு மாசியைத் தந்த நாடு மாலத்தீவு. 14ஆம் நூற்றாண்டில் இபுனு பதூதா காழியாக அமர்ந்து தீர்ப்பு வழங்கியதும் அங்கேதான். அந்நாட்டில் ஸலாம் உரைத்தால் மறுமொழி கிடைக்கும். வேளை தவறாது பாங்கோசை கேட்கும். சொந்த ஊரில் இருப்பதுபோன்ற இந்த நெருக்கமே நம் குடும்பங்களின் எச்சரிக்கையைத் தளர்த்திவிடுவதை என் பயணத்தில் கண்டேன்.

அங்கே முதலில் அஞ்சத் தக்கது கடலே. பவளத்திட்டுக்குள் அடங்கிய நீர் குளம்போல் தெளிந்து கிடக்கும். ஆனால், திட்டுகளுக்கு இடையேயுள்ள நீர்வழிகளில்தான் ஏற்றவற்றத்தின்போது பெருங்கடல் நீர் உட்புகுகிறது, வெளியேறுகிறது. அந்த ஓட்டம் தேர்ந்த நீச்சல்காரரையும் இழுத்துச் சென்றுவிடும். நான் தங்கிய தீவில், அப்பக்கம் இறங்கப்போன இளைஞர் இருவரை முதிய மீனவர் ஒருவர் ஓடிவந்து தடுத்தார். அவர்கள் அச்சமின்றிக் குளித்த இடத்திற்கும் அதற்கும் நூறடிகூட இராது!

ஆகவே, நீரில் இறங்குமுன் ஊராரைக் கேளுங்கள். தனியே நீந்தாதீர்கள். படகில் ஏறியதும் குழந்தைகளுக்கு உயிர்காப்புச் சட்டை அணிவியுங்கள். சிறு தீவுகளில் சுகாதார நிலையம் மட்டுமே இருக்கும். பெரிய மருத்துவமனைக்குக் கடல் கடந்தே செல்லவேண்டும். கடல் சீறினால் படகு புறப்படாது. அன்றாட மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்திருங்கள். பல வழித்தடங்களில் வெள்ளிக்கிழமை பொதுப்படகு ஓடாது. திரும்பும் நாளை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கடற்கரையிலும் அதுவே நெறி.