மூன்று நிமிடத்தில் அடங்காத தோடி

காவிரிப் படுகையில் நாகஸ்வரம் கேட்பது என்றால் முதலில் நடப்பதுதான். சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் மேளம் போகும். மேளத்தை ஒட்டி ரசிகர்கள் போவார்கள். கோபுர வாசலில் கம்பீரநாட்டையில் மல்லாரி எழும். அதற்குச் சாகித்தியம் கிடையாது. சுவாமி கிளம்பிவிட்டார் என்று ஊருக்கு அறிவிக்கும் வாசிப்பு அது. தீர்த்தம் கொண்டுவர ஒன்று, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று மல்லாரியிலேயே வகைகள் உண்டு. காது பழகிய ரசிகர் வீட்டுக்குள் படுத்தபடியே எந்த மல்லாரி என்று கேட்டு, கோயிலில் இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

கீழ்வேளூர் இப்படிப்பட்ட காதுகள் வளர்வதற்கு வாகான இடத்தில் இருக்கிறது. மேற்கே திருவாரூர், கிழக்கே சிக்கல், அதைத் தாண்டி நாகப்பட்டினம், வடக்கே திருமருகல், தெற்கே எட்டுக்குடி. ஊருக்குள்ளேயே கேடிலியப்பர் கோயில் இருக்கிறது. சம்பந்தரும் அப்பரும் பாடிய மாடக்கோயில் அது. பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர், சித்திரைப் பௌர்ணமிக்கு எட்டுக்குடி முருகன், ஆடிப்பூரத்துக்கு நாகை நீலாயதாட்சி அம்மன், ஐப்பசியில் சிக்கல் சிங்காரவேலர் கந்தசஷ்டி. ரசிகரின் ஆண்டுக் கணக்கு இப்படித்தான் ஓடும். கோடை உழவுக்கும் குறுவை நடவுக்கும் சம்பா அறுப்புக்கும் இடையில் எந்த ஊரில் யார் மேளம், யார் ஸ்பெஷல் தவில் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வார்கள். ரயிலில் வருவதும், சைக்கிளில் இரண்டு பேராக வருவதும், கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு விடியும்வரை மண்டபத்தில் படுத்திருப்பதும் இந்த ரசனையில் சேர்ந்தவை.

மல்லாரி முடிந்து வீதிக்குள் திரும்பியதும் ராகம் தொடங்கும். இரவுப் புறப்பாட்டில் வித்வானுக்கு அவசரம் இல்லை. ஒரு வீதி முழுக்க ஒரே ராகம் போகலாம். சுவாமி நிற்கும் இடத்தில் மேளமும் நிற்கும். நின்ற இடத்தில் ராகம் இன்னும் விரியும். பல்லவி, கீர்த்தனை, தவில் தனி, திரும்பி வரும்போது தேவாரம், திருப்புகழ் என்று வரிசை போகும்; கோயிலுக்குக் கோயில் முறை மாறும். இவற்றில் ரக்தி தனி ரகம். பாட்டின் துணை இல்லாமல் ராகமும் லயமும் மட்டுமே பின்னிப் பின்னி வளர்வது அது. செம்பனார்கோயில் ராமசாமிப் பிள்ளையின் குடும்பம் ரக்தி மேளத்துக்குப் பேர்போனது. வாய்ப்பாட்டுக் கச்சேரியில் இதற்கு நேரான ஒன்று கிடையாது. நாகஸ்வரத்தை வாய்ப்பாட்டின் நகலாக மட்டும் கேட்கிறவருக்கு ரக்தி பிடிபடாது. தெருவில் கூடவே நடந்து, தவில்காரர் எங்கே மடக்குகிறார், நாயனக்காரர் எங்கே விட்டுக்கொடுக்கிறார் என்று பார்த்துப் பழகியவருக்குத்தான் அதன் கட்டுமானம் விளங்கும்.

இந்தக் கேள்வி ஞானம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்த்ததில்லை. தேரோடும் வீதியில் நடக்க எல்லாச் சாதியாரையும் ஊர் அனுமதித்த காலம் அண்மையில்தான் வந்தது. 1968 டிசம்பரில் நாற்பத்து நான்கு பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சுவாமி போகாத தெருக்களுக்கும் நாயனத்தின் ஓசை மட்டும் போயிற்று. திமிரி நாயனத்தின் உயர்ந்த சுருதி இரவு வேளையில் வயல் தாண்டிக் கேட்கும். களத்துமேட்டில் நின்று கேட்டு ராகம் அறிந்தவர்களை எந்த இசை வரலாறும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. பின்னால் வந்த இசைத்தட்டும் வானொலியும் இந்த விஷயத்தில் கோயிலைவிட நியாயமாக நடந்துகொண்டன.

திருமருகலில் 1898இல் பிறந்தவர் டி. என். ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய தாய்மாமன் திருமருகல் நடேசப் பிள்ளையும் பெரிய நாகஸ்வர வித்வான். ராஜரத்தினம் பிள்ளை திருவாவடுதுறை ஆதீன வித்வானாகி, அந்த ஊர்ப் பெயரோடு அறியப்பட்டார். வயலினிலும் வாய்ப்பாட்டிலும் பயிற்சி பெற்றுவிட்டு நாயனத்துக்கு வந்தவர் என்பதால் அவருடைய ராகத்தில் குரலின் குழைவு இருக்கும். குட்டையான திமிரிக்குப் பதிலாக, நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாயனத்தை நிலைநிறுத்தியவர் அவர். நரசிங்கம்பேட்டை ரெங்கநாதன் ஆசாரி அவருக்காகச் செய்து கொடுத்த கருவியில் சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசிற்று. ராகத்தை நிதானமாக விரிப்பதற்கு இந்தத் தாழ்ந்த சுருதி பெரிய உதவி. அவர் தோடி வாசித்தால் பொழுது போவது தெரியாது என்பது அவரைக் கேட்ட தலைமுறை ஒரே குரலில் சொன்ன செய்தி.

அந்தத் தோடி இசைத்தட்டில் வந்தபோது அதற்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஏழு நிமிடத்தைத் தொடாது. விடிய விடிய வாசித்த வித்வானுக்கு அந்த அளவு, ராகத்தின் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பும் நேரம்தான். ஆனாலும் அவர் அந்தக் குறுகிய நேரத்துக்குத் தகுந்தபடி தோடியைச் சுருக்கிக்கொள்ளவில்லை. பெரிய தோடியிலிருந்து ஒரு துண்டை அப்படியே வெட்டித் தந்தார். தொடக்கத்தின் பதற்றமோ முடிவின் அவசரமோ இல்லாத துண்டு அது. தட்டு முடிந்த பிறகும் கேட்பவரின் காதில் ராகம் மேலே போய்க்கொண்டிருக்கும். அவரைத் தெருவில் கேட்டவர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். கேட்காதவர்கள் அந்தத் துண்டையே தோடி என்று எண்ணி வளர்ந்தார்கள். 1956இல் அவர் மறைந்த பிறகு இரண்டாவது வகையினர்தாம் பெருகினார்கள்.

அமெரிக்காவின் ஜாஸ் இசைக்கும் இதே மூன்று நிமிடச் சிறை இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெரு ஊர்வலங்களில் ஊதுகருவியும் கொட்டுமாக வளர்ந்த இசை அது. அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பதுதான் அதற்கும் உயிர். ஆனால் அங்கே இசைத்தட்டு வேறொரு வேலையைச் செய்தது. 1937 கோடையில் சார்லி பார்க்கர் என்ற பதினாறு வயதுப் பையன் மலைப்பகுதி விடுதி ஒன்றில் வாசிக்கப் போனபோது லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கையோடு கொண்டுபோய், அவற்றைச் சுரம் சுரமாகப் பாடம் செய்தார். ஜாஸில் தட்டே குருவாயிற்று. பின்னர் நெடுநேரத் தட்டு வந்ததும் ஜான் கோல்ட்ரேன் போன்றவர்கள் ஒரே பாட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் விரித்தார்கள். அந்த விரிவும் பதிவாயிற்று. ஆகையால் ஜாஸ் ரசிகரின் அலமாரியில் அந்த இசையின் வரலாறு ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. நாகஸ்வரத்துக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. பாடம் குருவின் வீட்டிலும் கோயில் வீதியிலுமே நடந்தது. நெடுநேரத் தட்டு பரவலாக வருவதற்குள் ராஜரத்தினம் பிள்ளை காலமாகிவிட்டார். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலமும் 1964இல் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். நாகஸ்வர ரசிகர் எவ்வளவு தேடிச் சேர்த்தாலும் அவருடைய அலமாரியில் ஓட்டைகளே அதிகம். அந்த ஓட்டைகளை அறிந்து கேட்பதுதான் இந்தச் சேகரிப்பின் முதல் பாடம்.

டெல்டாவின் சிற்றூர்களில் இசைத்தட்டு சேர்த்தவர்கள் இரு வகை. வசதியுள்ள மிராசுதார் வீடுகளில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் இருந்தது. பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தட்டின் வரி தேய்ந்துவிடும். மற்றவர் மைக் செட்காரர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் ஒலிபெருக்கியைத் தென்னையில் கட்டிவிட்டு, மரப்பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து வரிசையாகப் போட்டவர் அவர். விடியற்காலையில் முதல் தட்டு நாகஸ்வரமாகத்தான் இருக்கும். கிராமபோன் வாங்க முடியாத, கோயில் வீதிக்குள் வர முடியாத ஆயிரக்கணக்கான பேருக்குக் காருகுறிச்சியார் அறிமுகமானது இந்தக் குழாய் வழியாகத்தான். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் ஆபேரியில் வாசித்த சிங்காரவேலன் பாட்டு, அதே பெயருடைய முருகன் வீற்றிருக்கும் சிக்கலின் சுற்று வட்டாரத்தில் சொந்தப் பாட்டாகவே ஒலித்தது. மைக் செட்காரரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஆனால் ஒரு ஊரின் காதை வளர்த்ததில் அவருடைய பங்கு வித்வானுடைய பங்குக்கு அடுத்தது.

வீட்டில் கேட்பதற்கு வானொலி வேறு ஒழுங்கைக் கொடுத்தது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. காலை மங்கள இசை, படுகையின் வீடுகளில் கடிகாரம் போல ஆயிற்று. கோயிலில் நாளின் பொழுதுகளுக்கு ராகம் உண்டு. விடியலில் பூபாளமும் பௌளியும், பள்ளியறைக்கு நீலாம்பரியும் வாசிப்பார்கள். வானொலியில் கேட்ட ரசிகருக்கு அந்த ஒழுங்கில் காலைப் பகுதி மட்டும் கிடைத்தது. ஆனால் வேறொன்று கூடுதலாகக் கிடைத்தது. தெருவில் கேட்க முடியாத நுணுக்கங்கள், சீவாளியில் உதடு அழுத்தும் இடம், பிருகாவின் முடிவில் மூச்சை விடும் விதம் எல்லாம் ஒலிவாங்கிக்கு அருகில் தெளிவாக விழுந்தன. திருவீழிமிழலை சகோதரர்கள் கீர்த்தனையை வாய்ப்பாட்டைப் போல அட்சரம் பிசகாமல் வாசித்த அழகு வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கென்றே அமைந்தது. தவிலுக்கு இந்த நியாயம் கிடைக்கவில்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலையோ, பின்னாளில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலையோ சிறிய ஒலிபெருக்கி வழியே கேட்பது, தேரை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பதுதான்.

ஒலிநாடா வந்த பிறகுதான் நீளம் கைக்கு வந்தது. கல்யாண வீட்டார் டேப் ரெக்கார்டர் வைத்து மாப்பிள்ளை அழைப்பு மேளத்தையும் ஊஞ்சலையும் முழுதாகப் பதிவு செய்தார்கள். சங்கீதத்துக்காக என்று நினைத்து அல்ல, குடும்ப நினைவுக்காகத்தான் அவற்றை வைத்திருந்தார்கள். கம்பெனிகள் பதிவு செய்யாத நீண்ட ஆலாபனைகளும் தவில் தனிகளும் இந்தக் கல்யாண நாடாக்களில்தான் ஒளிந்திருக்கின்றன, நடுநடுவே விருந்தினரை வரவேற்கும் குரல்களோடும் குழந்தைகளின் அழுகையோடும். விவரம் தெரிந்த ரசிகர் பழைய வீட்டுப் பரணில் கேட்பது இவற்றைத்தான். கிடைக்கும்போது பாதி பூஞ்சை பிடித்திருக்கும். கடலோர ஈரத்தில் நாடா ஒட்டிக்கொள்ளும், அட்டை உறையைக் கரையான் தின்னும், எழுதி வைத்த காகிதம் மங்கிவிடும். நிழலில் வைத்து, பொறுமையாகப் பிரித்து, ஒரே ஓட்டத்தில் கணினியில் ஏற்றிவிடுவதுதான் முறை. இரண்டாம் முறை ஓட்டினால் நாடா அறுந்துபோகலாம்.

பதிவைப் போலவே விவரமும் சேகரிக்க வேண்டிய பொருள். நீடாமங்கலத்தாரின் மகனான பி. எம். சுந்தரம் நாகஸ்வர, தவில் கலைஞர்களின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்து எழுதிய ‘மங்கல இசை மன்னர்கள்’ இந்தச் சேகரிப்பாளர்களுக்குக் கைநூல். யார் யாரிடம் கற்றார், யாருக்கு யார் தவில் வாசித்தார் என்பதெல்லாம் அதில் கிடைக்கும்.

ஜாஸ்காரர்களும் இந்தப் பக்கம் வந்து கேட்டிருக்கிறார்கள். 1958இல் சென்னைக்கு வந்த டேவ் புரூபெக்கின் குழுவில் தாளவாத்தியம் வாசித்த ஜோ மொரெல்லோ, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தார். பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ மலேசியாவில் பணியாற்றியபோது நாகஸ்வரத்தைக் கேட்டு, அதைக் கற்கத் தொடங்கி, 1970களில் தம் இசைத்தட்டுகளிலும் வாசித்தார். அவர் நாகஸ்வர வித்வான் ஆகிவிடவில்லை. ஆனால் தமக்குப் பழகிய கருவியோடு நின்றுவிடாமல் சீவாளியைக் கடித்துப் பழகிய மனிதர் என்ற அளவில் அவர் மரியாதைக்கு உரியவர்.

இன்றைக்கு ரசிகர் நடக்கும் தூரம் குறைந்துவிட்டது. கல்யாண மண்டபங்களில் செண்டை மேளமும் மெல்லிசைக் குழுவும் இடம் பிடித்துக்கொண்டன. தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தோடு நாயனத்தின் வேலை பல இடங்களில் முடிந்துவிடுகிறது. ஆச்சா மரத்தில் செய்யும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்தி. அதை வாங்கி வாசிக்கிறவருக்கு முழு இரவு கொடுக்கும் திருவிழாக்கள் குறைவு. பரிவாதினி போன்ற அமைப்புகள் நாகஸ்வரக் கச்சேரிகளை நேரலையில் காட்டுகின்றன. வெளிநாட்டில் இருக்கும் டெல்டாக்காரர் தொலைபேசியில் அதைக் கேட்கிறார். பழைய தோடியும் இணையத்தில் நினைத்த நேரத்தில் கிடைக்கிறது.

கிடைக்காதது பெயர்கள்தான். பல பழைய தட்டுகளின் வட்டச் சீட்டில் நாகஸ்வர வித்வான் பெயர் மட்டும் இருக்கும். தவில் யார், சுருதிக்கு ஒத்து ஊதியவர் யார் என்று இருக்காது. கல்யாண நாடாக்களில் அதுவும் இல்லை. எனவே இளைய சேகரிப்பாளர்கள் பதிவுகளைத் தொலைபேசியில் எடுத்துக்கொண்டு எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களைத் தேடிப் போகிறார்கள். தவிலில் ஒரு தீர்மானம் விழும் விதத்தை வைத்து, இது இன்னாருடைய கை என்று பெரியவர் சொல்ல, அது தேதியோடு குறிக்கப்படுகிறது. ஒருவர் சொன்னதை இன்னொரு ஊரில் இன்னொருவரிடம் போட்டுக் காட்டி உறுதி செய்துகொள்கிறார்கள். இந்த வேலைக்கு இன்னும் சில ஆண்டுகளே மிச்சம் இருப்பதால், தட்டு தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவைத்துவிட்டு இதையே முதலில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.