அந்த ஊர்ப் பையனும் எங்கள் அப்பாவும்

இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவி

"படிக்கிற பெண்ணுக்குப் பேய்க்கதை எதற்கு?" என்று விடுதியில் என்னைக் கேட்காதவர் குறைவு. நண்பர்களே! 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பேய்க்கதை அன்று, விஞ்ஞானக் கதை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனையால், நம் உலகத்துக்கும் அதன் நிழல்போல் கிடக்கும் ஒரு தலைகீழ் உலகத்துக்கும் இடையே வாசல் திறந்துகொள்கிறது. 1983 நவம்பரில் வில் என்ற 12 வயதுச் சிறுவன் அதற்குள் இழுத்துச் செல்லப்படுகிறான். அவனுடைய நண்பர்கள் மூவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்புகிறார்கள். 2016 ஜூலையில் தொடங்கிய இத்தொடரின் ஐந்தாவதும் இறுதியுமான பருவம் 2025 நவம்பரில் வந்தது. அந்த முதல் நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்குள் இந்தத் தொடர் நுழைந்தது 2022 ஜூனில். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடித்துவிட்டு நான் சும்மா இருந்த நேரம். ஓசூரில் வேலை பார்க்கும் அத்தை மகன், தமிழ்க் குரல் சேர்த்த தொடரைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு கல்வராயன் மலைக்கு வந்தான். வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர் எங்களுடையது. நான், அப்பா, ஆயா மூவரும் கைபேசியைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்து இரவிரவாகப் பார்த்தோம். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆயா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே இல்லை. சவத்தைக் காட்டிய பிறகும் வில்லின் தாய் ஜாய்ஸ், இது என் பிள்ளை இல்லை என்று சாதிக்கிற கட்டத்தில், "அவ சொல்றதுதான் நெசம். பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று ஆயா ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

என்னை ஈர்த்தவர் வேறொருவர். அந்தச் சிறுவர்களின் அறிவியல் ஆசிரியர் கிளார்க். ஒரு காகிதத் தட்டை மடித்துத் துளை போட்டு, இரண்டு உலகங்களுக்கு நடுவே வழி எப்படி உண்டாகலாம் என்று விளக்குகிறார். இரவில் தொலைபேசியில் அழைத்துச் சந்தேகம் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்கிறார். பதினோராம் வகுப்பில் இயற்பியல்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் அந்தக் காகிதத் தட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்.

நான்காம் பருவம் 2022 ஜூலை 1இல் முடிந்தது. பிறகு ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக் காத்திருப்பு. கடைசியில் வந்தது அந்த நாள்: நவம்பர் 27, வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. அமெரிக்காவில் அப்போது 26ஆம் தேதி மாலை. நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிறந்ததும் 2019இல் ஒரு நவம்பர் 26தான்! இந்த ஒற்றுமையைத் தோழியரிடம் சொன்னேன், ஒருத்தியும் மதிக்கவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாயில் 149ஐ நெட்ஃப்ளிக்ஸுக்குக் கட்டி வைத்திருந்தேன். விடுதி அறையில் ஒரே போர்வைக்குள் மூன்று தலைகள், ஒரு கைபேசி.

தொடக்கமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பருவத்தின் கதை நடக்கும் ஆண்டு 1987. ஆனால் முதல் காட்சி 1983 நவம்பர் 12க்குத் திரும்பிப் போகிறது. தலைகீழ் உலகத்தில், குச்சிகளால் கட்டிய விளையாட்டுக் குடிலுக்குள் வில் தனியாக ஒடுங்கிக் கிடக்கிறான். குளிரில் உடம்பு நடுங்குகிறது. அண்ணன் பழக்கிவிட்ட ஒரு பாட்டை மெல்ல முணுமுணுக்கிறான். முதற்பருவத்தில் தாயும் நண்பர்களும் தேடிய தேடலைத்தான் நாம் பார்த்தோம். தொலைந்தவன் என்ன பாடுபட்டான் என்பது பெரும்பாலும் மறைவாகவே இருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார்கள். முகமே இதழ் இதழாய் விரியும் அரக்கன் டெமொகார்கன் குடிலுக்கு வந்துவிட்டபோது பக்கத்திலிருந்தவள் என் கையைக் கிள்ளியே விட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. வில்லின் சின்ன வயது முகத்தைக் கணிப்பொறியால் உண்டாக்கியிருக்கிறார்கள். அது உற்றுப் பார்த்தால் உறுத்துகிறது. இந்தப் பருவம் வந்தபோது அந்த நடிகருக்கு 21 வயது, என்னைவிட மூத்தவர். பள்ளி மாணவனாக நம்பச் சிரமமாய்த்தான் இருக்கிறது. நடுப்பகுதியில் பாத்திரங்கள் பெருகிப்போய், ஆளுக்கு இரண்டு வசனம் கொடுத்து வருகைப்பதிவு எடுப்பதுபோல் கதை நகர்கிறது. எனினும் கிளார்க் ஆசிரியர் மறுபடியும் வகுப்பறையில் நின்றதைப் பார்த்ததும் நான் கை தட்டிவிட்டேன்.

ஹாக்கின்ஸ் இப்போது இராணுவக் காவலில் இருக்கிறது. ஊரைச் சுற்றித் தடை. வெளியுலகம் அதைச் சாபம் பிடித்த ஊராகவே அறிந்திருக்கிறது. இந்த இடத்தில் எங்கள் மூவருக்கும் ஒரே நினைவு வந்தது. 2024 ஜூனில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகு, வெளியூரில் 'கள்ளக்குறிச்சி' என்று சொன்னாலே அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கிறது. கல்வராயன் மலை என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் பார்வையே மாறிவிடும். எங்கள் மலையில் சாமை விளைகிறது, கடுக்காய் கிடைக்கிறது, மேகம் அருவி கொட்டுகிறது என்று யார் கேட்கிறார்கள்? ஹாக்கின்ஸ் பிள்ளைகளை அவர்கள் ஊர்ப் பெயருக்காகவே எனக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. ஹாப்பர் தலைகீழ் உலகத்துக்குள் போய் வில்லன் வெக்னாவைத் தேடுகிறார். அவரிடமுள்ள கருவி அனுப்பும் வானொலி அலையை, இந்தப் பக்கம் வேனின் கூரையில் ஆன்டெனா வைத்துப் பின்தொடர்கிறார்கள். ஒளி ஊடுருவாத சுவரை வானொலி அலை ஊடுருவலாம் என்பது நாம் படித்ததே. ஆனால் வேறோர் உலகத்திலிருந்தே சிக்னல் வந்து சேர்கிறது. எங்கள் ஊரிலோ கைபேசிக்குச் சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு மேற்கேயுள்ள பாறைமேல் ஏற வேண்டும்! சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதி, பின்னர் தூர்தர்ஷனிலும் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வின் கதை நடப்பது 2021இல். அதில் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும், சிந்திக்கும். நிஜமான 2021 வந்தபோது நான் அந்தப் பாறைமேல் குடை பிடித்துக்கொண்டு இணைய வகுப்பு கவனித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளில் நான்கு அத்தியாயங்கள் வந்தன. நான்கையும் கைபேசியில் இறக்கிக்கொண்டு சனிக்கிழமை மலைக்குப் புறப்பட்டேன். டிட்வா புயல் தமிழகக் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நாள். வானம் மூடிக் கிடந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து பேருந்து ஏறும்போது பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரவு பழையபடி சொம்பு வந்தது. ஆயாவுக்குக் கண் முன்போல் தெரிவதில்லை. குரல் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். முதல் காட்சி ஓடியது. வில் முணுமுணுக்கத் தொடங்கியதும் அப்பா, "கொஞ்சம் நிறுத்தும்மா" என்றார். அழைப்பு வந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

ஆதார் அட்டையின்படி அப்பா பிறந்தது 1971இல். கணக்குப் பார்த்தால் 1983இல் அவருக்கும் வில்லின் வயதுதான். இதுவரை எனக்குத் தோன்றாத கணக்கு. அமெரிக்கர்கள் இத்தொடரில் தங்கள் சிறுவயதுச் சைக்கிளையும் விளையாட்டுகளையும் பார்த்து உருகுகிறார்களாம். அப்பாவுக்கு அந்த வயதில் சைக்கிள் கிடையாது, எங்கள் ஊருக்குப் பேருந்தும் கிடையாது. மலையில் ஜாகீர் ஆட்சி ஒழிந்ததே 1976இல்தானே.

அந்த வயதில் ஒருநாள் பிரிந்துபோன இரண்டு ஆடுகளைத் தேடிக் காட்டுக்குள் போய், இருட்டிவிட, வழி தெரியாமல் ஒரு பாறைப் பொந்துக்குள் விடியும்வரை இருந்திருக்கிறார் அப்பா. ஊரே பந்தம் கொளுத்திக்கொண்டு தேடிய கதையை ஆயா சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆட்டோடு திரும்பி வந்தான் என்று முடிப்பார். பொந்துக்குள் இருந்தவர் மட்டும் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அன்றுதான் சொன்னார். மழை பெய்ததாம். இரண்டு ஆட்டையும் இறுக்கிக் கட்டிக்கொண்டதால்தான் குளிர் தாங்கியதாம். பக்கத்தில் ஏதோ உறுமுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டதாம். திருவிழாவில் ஒலிபெருக்கியில் கேட்ட எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்றில் அவருக்குத் தெரிந்தது நாலு வரி. அந்த நாலு வரியையே விடியும்வரை திரும்பத் திரும்பப் பாடினாராம்.

"இந்தப் பையன் பாடுறானே, அப்படித்தாம்மா" என்று கைபேசியைக் காட்டினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தூங்கிவிட்டார் என்று நாங்கள் நினைத்திருந்த ஆயா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "ஏண்டா மெதுவாப் பாடுன? சத்தமாப் பாடியிருந்தா ராவோட ராவா கண்டுபுடிச்சிருப்பமே."

"சத்தமாப் பாடுனா கரடிக்கும் கேக்குமேம்மா" என்றார் அப்பா.

ஆயா சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு, போடு" என்றார்.