கோடு எங்கே போனது?

பழைய ஆஸிலாஸ்கோப் ஒன்று பழுதாகி மேஜைக்கு வந்தால், மூடியைக் கழற்றிய கையோடு எல்லா எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தனை இடத்தில் சோல்டரை உருக்கினால், இருந்த ஒரு பழுதோடு போர்டிலிருந்து பெயர்ந்த செப்புத்தடமும் துருவம் மாற்றிப் போட்ட கெப்பாசிட்டரும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் எது பழைய பழுது, எது நாம் வைத்தது என்று பிரிப்பதே பெரும்பாடு.

1972இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465ஐ எடுத்துக்கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல். திரையில் கோடு இல்லை என்றதும் பலருக்கு சி.ஆர்.டி. மேல்தான் சந்தேகம் போகும். நான் அதற்குள் போவதே கடைசியில்தான்; அங்கே 18,000 வோல்ட் இருக்கிறது. முதலில் சப்ளைகள்: 110, 55, 15, 5, மைனஸ் 8. இவற்றில் 55தான் வீட்டுக்கு மூத்தது. மற்றவை அதைப் பார்த்துத்தான் நடக்கும். அது நழுவியிருந்தால் மற்றதை ஆராய்வது வீண்வேலை.

55 சரியாக இருந்து, 15 மட்டும் ஏறக்குறைய பூஜ்யத்தில் கிடந்தால், எங்கோ ஒரு டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். பார்வைக்கு அது புத்தம்புதுசுபோல இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதில்லை. கருவியை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒரு பெஞ்ச் சப்ளையை அந்த லைனில் கொடுப்பேன்: அரை வோல்ட்டுக்குள், ஒரு ஆம்பியருக்கு மேல் போகாதபடி. அந்த அரை வோல்ட்டில் எந்த டிரான்ஸிஸ்டரும் வேலைசெய்யாது. மின்சாரம் ஷார்ட்டை நோக்கி மட்டும் ஓடும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை கிரவுண்டில் பிடித்து, மறுமுனையைத் தடத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஷார்ட்டை நெருங்க நெருங்க எண் இறங்கும். அதைத் தாண்டிய பிறகு இறங்காமல் அப்படியே நிற்கும். இறக்கம் நின்ற இடத்திலுள்ள கெப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.

சப்ளைகள் எல்லாம் ஒழுங்கு, ஆனாலும் கோடு இல்லையென்றால், பீம் ஃபைண்ட் பட்டனை அழுத்துவேன். கோடு சுருங்கித் திரைக்குள் வந்து, மேலேயா கீழேயா எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று காட்டும். கோட்டை மேலும் கீழும் நகர்த்தும் வெர்டிக்கல் ஆம்ப்ளிஃபயரில் எனக்குப் பிடித்ததே, அச்சாக ஒன்றுபோலிருக்கும் இரண்டு பாதைகள் கடைசிவரை சேர்ந்தே போவதுதான். நடுவில் ஓரிடத்தில் இரண்டையும் ஒரு சிறு வயரால் சேர்த்துத் தொட்டால் கோடு திரையின் மையத்துக்கு வர வேண்டும். வந்துவிட்டால் பழுது அதற்கு முந்திய பகுதியில். வராவிட்டால் பிந்திய பகுதியில். தேட வேண்டிய இடம் ஒரே தொடுதலில் பாதியாகக் குறைந்துவிடும். குற்றமுள்ள கட்டத்தை எட்டியபின் மேனுவலில் அச்சிட்ட வோல்டேஜ்கூட அவ்வளவாகத் தேவையில்லை. நல்ல பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கெட்ட பக்கத்திலும் இருக்க வேண்டும்.

இவ்வளவு தேடி, கடைசியில் அகப்படுவது சில சமயம் சாக்கெட்டில் செருகிய ஒரு டிரான்ஸிஸ்டரின் கறுத்த காலாக இருக்கும். கழற்றித் துடைத்து, அதே திசையில் மறுபடி செருகினால் வேலை முடிந்தது. அட்டென்யுவேட்டர் சுவிட்சும் அப்படித்தான். அதன் தங்கமுலாம் பூசிய காண்டாக்டுகளுக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டே போதும். இடையில் விட்டு மெல்ல இழுக்க வேண்டும். கைக்குக் கிடைத்த எண்ணெய் ஸ்ப்ரேயை அதில் அடிப்பவர்கள் தங்களுக்குப் பின்னால் வருகிறவனுக்கு வேலை வைக்கிறார்கள்.

அவர்களைவிட மோசம், கோடு சற்றே விலகியதும் டிரிம்மரைத் திருகுகிறவர்கள். சோர்ந்துபோன டிரான்ஸிஸ்டரை டிரிம்மரால் இழுத்து நிறுத்தினால் கொஞ்சநாள் ஓடும். பிறகு அதை மாற்றும்போது, நல்ல டிரான்ஸிஸ்டர் போட்டும் கோடு எதிர்ப்பக்கம் ஓடும். புதியதும் கெட்டதோ என்று அடுத்தவன் அதையும் கழற்றுவான். அதனால்தான் பழுது பிடிபடும்வரை என் மேஜையில் எந்த டிரிம்மருக்கும் ஸ்க்ரூடிரைவர் போகாது.