இறங்கினால்தான் ஆழம் தெரியும்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பெரியவர்கள் வாய் ஓயாமல் கூறும் அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால், கரையில் அமர்ந்து ஆழத்தையே கணக்கிட்டுக்கொண்டிருந்தவர் எவரேனும் அக்கரை சேர்ந்ததுண்டோ? அறிவியல் பயிலும் நம்மில் பலருக்கு இந்த நோய் உண்டு. இன்னும் ஒரு பாடநூல், இன்னும் ஓராண்டு. அதன் பிறகு ஆராய்ச்சியில் இறங்கலாம் என்கிறோம். அந்த "அதன் பிறகு" வருவதேயில்லை.

நாம் வாழும் இந்தக் கொல்கத்தாவிலேயே நமக்கொரு பாடம் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறிய சி. வி. இராமன், 1907இல், பதினெட்டு வயதில், நிதித்துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்தார். பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். பகலில் அலுவலகம்; காலையும் மாலையும் ஆய்வு. இரங்கூனிலும் நாகபுரியிலும் பணியாற்றிய இடைக்காலம் நீங்கலாக, பத்தாண்டுகள் இப்படியே கழிந்தன.

அசுதோஷ் முகர்ஜி விரும்பி அழைத்த பாலித் பேராசிரியர் பதவியை 1917இல் ஏற்றார். ஊதியம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதற்காகக் கப்பலேற இராமன் மறுத்துவிட்டார். விதிதான் வளைந்து கொடுத்தது. 1928 பிப்ரவரி 28இல், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் துணை நிற்க, இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசு வந்தது.

ஆயத்தமே இல்லாமல் அவர் குதித்தார் என்று நான் சொல்லவில்லை. பத்தாண்டு உழைப்பு கையில் இருந்தது. ஆனால் அது நீரில் இறங்கி நின்று பெற்ற ஆயத்தம்.

எனக்கு வயது இருபத்து மூன்று. ஊரில் அப்பாவுக்குச் சிறிய பலசரக்குக் கடை; தங்கை கல்லூரியில் முதலாண்டு. மதுரையில் ஒரு வங்கிப் பணிக்கு ஆணை வந்தது. இங்கோ ஒரு பேராசிரியர், இராமன் விளைவைக் கொண்டு புரதங்களை ஆராயும் தம் ஆய்வகத்துக்கு அழைத்தார். உதவித்தொகை ஓராண்டுக்குத்தான் உறுதி. உயிரியலையோ நான் பள்ளியோடு விட்டவன். "முதலில் உயிரியல் படித்துவிட்டு வரட்டுமா?" என்றேன். அவர் சிரித்தார். "படிக்கப் படிக்கப் பாக்கிதான் கூடும். திங்கட்கிழமை வா, சோதனைக்குழாய் கழுவலாம்" என்றார்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கடை வைத்தபோது எனக்கு மட்டும் வியாபாரம் தெரியுமாடா? வந்து வாங்கியவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருஷம் உன் பணம் இல்லாமல் சமாளிக்கிறோம். அதற்குமேல் என்னைக் கேட்காதே" என்றார்.

வங்கிக்கு மறுப்பு எழுதிவிட்டேன். ஆய்வகத்தில் மூன்று வாரங்கள் ஆயின. மறுநாள் வேலைக்கு வேண்டிய உயிரியலை முதல்நாள் இரவு படிக்கிறேன். ஓராண்டு கழித்து என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

மன்றத்து நண்பர்களே, உங்கள் முன்னும் ஏதோ ஒரு துறை இருக்கும். எவ்வளவு இழந்தால் தாங்க இயலும் என்பதை மட்டும் வீட்டாரோடு கலந்து முடிவு செய்யுங்கள். மற்றதை நீந்திக்கொண்டே கற்கலாம்.