ஒரே தட்டு

ஸ்பெயின் நாட்டில் நண்பர்கள் கூடினால், 'தாபாஸ்' என்னும் சிற்றுண்டிகளைச் சிறு தட்டுகளில் நடுவே வைத்துப் பேச்சும் சிரிப்புமாகப் பகிர்ந்துண்பர். 'தாபா' என்றால் மூடி. மதுக்கிண்ணத்தை ரொட்டித் துண்டால் மூடியதால் வந்த பெயரென்பது அங்கு வழங்கும் கதை. கிண்ணத்தை அவர்களுக்கே விட்டுவிடுவோம். தட்டில் நமக்கும் உறவுண்டு. அதிலுள்ள ஒலிவக்காயை அவர்கள் 'அசெய்துனா' என்பர். அது அரபியின் 'அஸ்ஸைத்தூனா'வேயன்றி வேறன்று. இறைச்சி உருண்டையாகிய 'அல்போன்திகா'வும் 'அல்புந்துகா'விலிருந்து பிறந்ததே. 1492இல் கிரனாடா வீழ்ந்தது. ஆட்சி போயிற்று, சொற்கள் அடுக்களையில் தங்கிவிட்டன.

நம் காஞ்சியிலும் அத்தகைய உண்டி உண்டு. மந்தாரை இலை விரித்த மூங்கிற் குடலையில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் மணக்க வேகும் நீண்ட இட்லி, ஒருவர் உண்பதற்கன்று, அரிந்து பகிர்வதற்கே. தறியை விட்டெழுந்த நெசவாள நண்பர்களோடு மாலையில் அதனை உண்ணும்போது, பட்டுக் கூலி முதல் பிள்ளைகள் தறிக்குழியில் இறங்க மறுப்பது வரை பேச்சு நீளும். தனித்தனி இலையில் அமர்ந்தால் அவ்வளவும் வெளிவருவதில்லை.

காயல்பட்டினத்தார் விருந்தில் ஒரே சஹனைச் சூழ்ந்துண்பர். சஹன் என்பதும் அரபுச் சொல்லே. இன்று நம் விருந்துகள் பலவற்றில் ஆளுக்கொரு தட்டு வந்துவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆயினும் எஞ்சிய இறைச்சித் துண்டை ஒருவர் அடுத்தவர் பக்கம் தள்ள, அவர் மீண்டும் இவர் பக்கமே தள்ளும் அந்த இனிய வழக்காடலுக்குத் தனித்தட்டில் இடமேது?