துணைக் காவலன்

வாயிலுக்கு ஒரு காவலனை நிறுத்துவோர் பலர். அவன் நோயுற்ற நாளில் அங்கு யார் நிற்பது என்று முன்னரே எண்ணுவோர் சிலர். கம்ப்யூட்டர் வலைப்பின்னலைப் பேணும் தொழிலில் அமர்ந்த எனக்கு இவ்வுண்மை நாள்தோறும் கண்முன் நிற்பதாயிற்று.

ரூட்டர் என்பது வலைப்பின்னலின் வாயில். உட்புக விரும்புவோனின் பெயரையும் கடவுச்சொல்லையும் அது ஒரு சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் விடைக்கேற்ப வழிவிடும், அன்றேல் தடுக்கும். அவன் புகுந்த நேரம், நீங்கிய நேரம், பயன்படுத்திய அளவு ஆகியவற்றைக் கணக்குச் சர்வருக்கு அறிவிக்கும். இவ்விரு பணிக்கும் பெரிதும் வழங்கும் முறை ரேடியஸ் எனப்படும். லிவிங்ஸ்டன் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் 1991-ஆம் ஆண்டில் தோன்றிய அம்முறைக்கு, 2000-ஆம் ஆண்டில் வெளியான விதி ஏடுகள் அடிப்படையாக உள்ளன. சோதனைக்கு 1812, கணக்குக்கு 1813 என்பன அதற்குரிய போர்ட் எண்கள்.

முதற் சர்வர் வாய்மூடின் யாது செய்வது? இதற்காகவே துணைச் சர்வர் ஒன்றை ரூட்டரில் குறித்து வைக்கின்றோம். ஒவ்வொரு முறையும் 5 விநாடி காத்து, மேலும் 3 முறை கேட்குமாறு அமைத்திருப்பின், 20 விநாடி கழிந்த பின்னரே ரூட்டர் இரண்டாவதை நாடும். வருவோர் ஒவ்வொருவரும் இவ்வாறு காத்து நில்லாதபடி, பேசாத சர்வரைச் சில நிமிஷங்களுக்கு இறந்ததாகக் கருதுமாறும் கட்டளையிடலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதற் சர்வர் ‘இவனை விடாதே’ என்று விடையளித்துவிடின், ரூட்டர் இரண்டாவதைக் கேளாது. மறுப்பு வேறு, மௌனம் வேறு. நீதிபதி வாராத நாளில் மற்றொருவரை நாடுவது முறை. தீர்ப்புப் பிடிக்கவில்லையென்று மற்றொருவரை நாடுவது முறையன்று.

ஒரு நிலையத்தில் முதற் சர்வர் ஓர் இரவு பழுதுற்றதை யான் கண்டேன். துணைச் சர்வர் உடனே எழுந்து விடை கூறிற்று. ஆயினும் அதன் பெயர்ப்பட்டியல் பழையது. அவ்வாண்டு பணியிற் சேர்ந்தோர் அனைவரும் வெளியே நின்றனர். பணியினின்று நீக்கப்பட்டோர் பெயர்களோ அதில் அழியாதிருந்தன! உரியவனைத் தடுத்து, உரிமையற்றவனுக்குக் கதவு திறக்கும் காவலனினும் காவலனின்மையே நன்றன்றோ?

கணக்கிலும் இத்தகைய இடருண்டு. ஒருவன் புகுந்த செய்தி முதல் ஏட்டிலும், நீங்கிய செய்தி இரண்டாம் ஏட்டிலும் பதிவாகலாம். இரண்டையும் ஒப்புநோக்காது ஒன்றை மட்டும் படிப்போன், நேற்றே சென்றவனை இன்னும் உள்ளிருப்பவனாக எண்ணுவான். குற்றம் யாருடையது என்ற வினா எழும்போது சாட்சி சொல்வது இவ்வேடேயாதலின், அது குறைவுபடின் நிரபராதி துன்புறுவான்.

ஆகவே பெயர்ப்பட்டியலை இரு சர்வர்களிலும் ஒன்றுபோல் வைத்தல், கடிகாரங்களை ஒத்திசைத்தல், இரண்டும் மௌனமாகும் நாளுக்கென ரூட்டரினுள்ளேயே ஒரு பெயரும் கடவுச்சொல்லும் காத்தல் ஆகியன அவசியம். இவற்றினும் மேலானது ஒன்று: வேலை குறைந்த ஒரு நாளில் முதற் சர்வரை நாமே நிறுத்தி, துணைவன் உண்மையிற் காக்கின்றானா என்று பார்த்தல்.

மணவாளன் வரத் தாமதித்த இரவில், விளக்கோடு எண்ணெயும் கொண்டு சென்ற கன்னிகைகளே உட்புகுந்தனர் என்று வேதத்தில் படித்துள்ளோம். எண்ணெய் தேடும் நேரம் நள்ளிரவன்று. நம் இல்லத்திலும் தொழிலிலும் இரண்டாமிடத்தில் அமைதியாக நிற்போரை நல்ல நாளிலேயே நாடி, அவர்க்கு வேண்டுவன அளித்து வைப்போமாக.