அச்சங்குளம் சாலையில் ஒரு பேட்டரிப் பெட்டி

சாத்தூரில் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி, ஏழாயிரம்பண்ணை பக்கம் வண்டியைத் திருப்பினால் கொஞ்ச தூரத்திலேயே கரிசல் காடு ஆரம்பித்துவிடும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற மண், நாலு தூறல் விழுந்தால் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் விளையும் காடுகளுக்கு நடுவே, கம்பி வேலி போட்ட பெரிய வளாகங்கள் தெரியும். உள்ளே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். சுற்றிலும் வேப்பமரங்கள். எல்லாம் பட்டாசு ஆலைகள். அச்சங்குளம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

வைப்பாறு, வெம்பக்கோட்டை அகழாய்வு, கண்மாய்க் கரைகள் என்று இந்தப் பக்கம் நாலு நாள் சுற்றத் திட்டம். அதற்காக என் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் பின்பக்கம் ஒரு பெட்டி பொருத்த வேண்டியிருந்தது. ஒரு பாதியில் ஸ்டவ், பாத்திரம், கயிறு, டூல்ஸ். இன்னொரு பாதியில் இரண்டாவது பேட்டரி. ராத்திரி விளக்கு எரியவும், குட்டி ஃப்ரிட்ஜ் ஓடவும் அந்த பேட்டரி. அதில் சார்ஜ் தீர்ந்தாலும், காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக முன்னால் இருக்கும் பேட்டரி பத்திரமாக இருக்கும்.

சாத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் பெட்டி தயாரானது. வயரிங் வேலைக்கு வந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் அச்சங்குளம் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வீட்டில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். பெட்டியைத் திறந்து பார்த்தவர், முதலில் கேட்டது பேட்டரியைப் பற்றி அல்ல.

“தம்பி, இந்த ரெண்டு பாதிக்கும் நடுவுல தடுப்பு எங்க?”

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

12 வோல்ட் என்றால் பலருக்கும் இளக்காரம். தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால், பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாயும். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். டூல்ஸும் பேட்டரியும் ஒரே பெட்டியில் இருந்தால், கரிசல் பாதைக் குலுக்கலில் அதற்கு அதிக நேரம் ஆகாது. அதனால்தான் நடுவே உறுதியான தடுப்பு.

சாதாரண லெட் ஆசிட் பேட்டரிக்கு இன்னொரு குணம் உண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியே விடும். காற்றில் வெறும் 4 சதவிகிதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். ஆகவே பேட்டரி இருக்கும் பாதிக்கு, காற்று வண்டிக்கு வெளியே போக வழி வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இந்தத் தொல்லை இல்லை. எடையும் லெட் ஆசிட்டில் பாதிக்கும் குறைவு. ஆனால் விலை அதிகம், அதற்கென்று தனி சார்ஜரும் வேண்டும்.

அண்ணாச்சி செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் வைத்தார். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது உரசித் தேய்ந்தால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. ஆகவே அந்த நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. முன் பேட்டரியிலிருந்து வரும் வயருக்கு, அந்த முனையிலும் தனி ஃப்யூஸ். தகட்டைத் துளைத்த இடங்களில் எல்லாம் ரப்பர் வளையம். பெட்டியைத் தரைத் தகட்டில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தவில்லை. அடியில் கனத்த பட்டை கொடுத்து, போல்ட் போட்டு முடுக்கினார். முப்பது கிலோ பேட்டரி பிடி விட்டால் திடீர் பிரேக்கில் முன்சீட்டுக்கு வந்துவிடும் அல்லவா?

கடைசியாக, மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் கட் ஆஃப் சுவிட்ச். அதைப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்டேன். “தீப்பிடிச்சா சாவியத் தேடிக்கிட்டு இருப்பீகளா?” என்றார். சுவிட்ச், பெட்டிக்கு வெளியே கை எட்டும் இடத்தில் வந்தது.

“இங்க பொறின்னா வேற”

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “மத்த ஊர்ல பொறின்னா ஃப்யூஸ் போச்சும்பாங்க. இங்க பொறின்னா வேற தம்பி.”

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மதியம். அச்சங்குளத்தில் இருந்த பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரசாயனக் கலவையில் ஏற்பட்ட உராய்வே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இதற்கு முன் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேருக்கு மேல் பலி. இங்கே பல வீடுகளில் இந்தத் தேதிகள் திதி நாட்கள்.

ஒழுங்காக நடக்கும் ஆலைகளில் உள்ளே நுழையும்போதே செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்க வேண்டும். பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். செல்போன் கூடாது. ஓர் அறைக்கு நான்கு பேர்தான். பொறியை எப்படித் தள்ளி வைப்பது என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். அதே பாடத்தைத்தான் அண்ணாச்சி என் ஜீப்பிலும் செய்திருந்தார்.

தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு

ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதனால் தீபாவளி நெருங்கினால் எல்லா ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரிலும் ஜீப்பிலும் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் வருகிறார்கள். பின்னால் பெட்டி வைத்த வண்டி என்றால், வாங்கிய பட்டாசை அதில் அடுக்கிப் பூட்டிக்கொள்ளத்தான் கை போகும். பேட்டரி அதற்குள்தானே இருக்கிறது! மூடிய இரும்புப் பெட்டி, சார்ஜ் ஏறும் பேட்டரி, பக்கத்தில் வெடிமருந்து. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரவே கூடாது.

கொஞ்சமாக வாங்குங்கள். பிரிக்காத அட்டைப் பெட்டியோடு, பேட்டரி, வயர், வெயில் மூன்றுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கட் ஆஃப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் ஒரு நாள் ஓடாவிட்டால் குடி முழுகிவிடாது. வண்டிக்குள் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது. ஆலை வாசல் பக்கம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். கண்மாய்க் கரையில் நிறுத்தி ஸ்டவ் பற்றவைப்பதாக இருந்தாலும், பக்கத்தில் ஆலை இல்லை என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிளம்பும்போது கூலியோடு ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். அண்ணாச்சி அதைத் திருப்பித் தந்துவிட்டு, “அந்தக் காசுக்கு ஒரு தீயணைப்பான் சிலிண்டர் வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல மாட்டுங்க. பெட்டிக்குள்ள வச்சிராதீக” என்றார். சாத்தூர் கடைவீதியில் சேவு வாங்கிய கையோடு, கூடக் கொஞ்சம் காசு போட்டு அதையும் வாங்கி மாட்டிவிட்டேன்.